அக்கா, எப்ப போவீங்க?

அட்டன் பக்கத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் தொண்டு செய்ய ஆறு மாதம் தங்கியிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் துறையூர். இலங்கை மலையகமும் தமிழ் பேசும் ஊர்தானே, பழகிக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தது ஜூன் மாதம். அட்டன் கடல் மட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேலே இருக்கிறது. தென்மேற்கு மழை பிடித்தால் விடாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். பள்ளி உடுப்புகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவோம். பிள்ளைகள் விறகுப் புகை வாசத்தோடுதான் பள்ளிக்கூடம் போவார்கள். இருட்டிலேயே எழுந்து கோதுமை மாவு பிசைந்து ரொட்டி தட்ட வேண்டும். ரொட்டி, மிளகாய் இடித்த கட்டச்சம்பல், தேத்தண்ணி. காலைச் சாப்பாடு அதுதான். புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும்.

சொற்களையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தையை விட்டுப் போகும் இடம் ‘புள்ளக்காம்பரா’. ஒரு நாள் வேலைக்கு விழும் கூலி ‘பேரு’. கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேரு’. இவை தெரியாமல் அந்தப் பிள்ளைகள் சொல்லும் வீட்டுக் கதை ஒன்றும் விளங்காது.

குளிரும் அட்டையும் பழகிவிட்டன. பழகாதது ஒரு கேள்வி. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, முதல் நாள் என் பெயரைக்கூடக் கேட்காமல், “அக்கா, நீங்க எப்ப போவீங்க?” என்றாள். எனக்கு முன்னால் எத்தனையோ அக்காமார் வந்து, தலை வாரிவிட்டு, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒவ்வொருத்தரும் போகும்போது அவள் அழுதிருக்கிறாள். இப்போது முன்கூட்டியே நாளைக் கேட்டு வைத்துக்கொள்கிறாள்.

அவளுக்குத் தாய் இருக்கிறாள், வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலையில். அம்மாவின் தாயான அம்மாயி இருக்கிறாள், தோட்டத்து வரிசை வீடான லயத்தில். அந்த இல்லத்தில் தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலகெங்கும் இப்படித்தான்: இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். அநாதை என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

பெற்றோர் இருந்தும் பிள்ளைகள் இல்லத்தில் வளர்வது மலையகத்தில் புதிதும் இல்லை. நுவரெலியாவில் 1924இல் ஒரு சிறுவர் இல்லம் தொடங்கப்பட்டது. பிறகு பெய்ன்டர் இல்லம் என்றே பெயர் பெற்றது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கும் கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளும் அங்கே வளர்ந்தார்கள். தகப்பன் பங்களாவில், தாய் லயத்தில், பிள்ளை இல்லத்தில். இந்தியாவில் கலிம்பொங்கிலும் தேயிலைத் துரைமாரின் பிள்ளைகளுக்காக 1900இல் ஓர் இல்லம் எழுந்தது.

நுவரெலியா இல்லத்தை நடத்தியவர் ஆர்னல்ட் பெய்ன்டர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். மனைவி அனகி வீரசூரிய, சிங்களப் பெண். ஆர்னல்டும் கடல் கடந்து வந்தவர்தான். ஆனால் அந்த மண்ணிலேயே குடும்பமாக வாழ்ந்தார். இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் அறிவார்கள்.

பிள்ளைகள் அறிந்த இதை அறிஞர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஜான் பௌல்பி என்ற ஆங்கில மனநல மருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், மாறாத ஒருவரின் அன்பு குழந்தைக்கு எவ்வளவு அவசியம் என்று விளக்கினார். வெளிநாட்டார் இல்லங்களுக்குச் சுற்றுலாவாக வந்து தொண்டு செய்வதால் நேரும் தீங்கைத் தடுக்குமாறு 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் கேட்டுக்கொண்டது.

அந்தச் சிறுமியின் அம்மாயி இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவாள். வந்தால் அன்றைய பேரு போய்விடும், பஸ் காசும் வேண்டும். அவள் வந்த நாளில் பிள்ளை யாரிடமும் எப்ப போவீங்க என்று கேட்கவில்லை. மடியில் படுத்துத் தூங்கினாள். நான் ஆறு மாதம் தலை வாரிவிட்டும் அந்தத் தூக்கத்தைக் கொடுக்க முடியவில்லை.

தொண்டுக்குப் புறப்படும் இளைஞர்களே, போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போனால் அடுப்படியில் நில்லுங்கள், துணி துவையுங்கள், கணக்கெழுதுங்கள். பிள்ளையின் தலையை அங்கேயே இருக்கும் ஆயம்மா வாரட்டும். கையில் பணமிருந்தால், முதலில் ஓர் அம்மாயியின் பஸ் காசையும் ஒரு நாள் பேரையும் கொடுங்கள்.