கலமும் கரையும்



திருப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் வினவலாம். நம் ஊரில் ஓடுவது நொய்யல் ஆறு, அலைகடல் அன்று. ஆயினும் இங்கே பின்னித் தைத்துப் பெட்டியில் அடுக்கிய பனியன்கள் லாரியேறித் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து கடல் கடக்கின்றன. எத்தனையோ குடும்பங்களின் உழைப்பு அப்பெட்டிகளில் இருக்கிறது. கடலிலே புயலுக்குத் தப்பிய கலம், கரையிலே கல்லுக்கும் தப்ப வேண்டும். அதற்கு உதவும் எளிய கருவி ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

20,000 டன் எடையுள்ள கப்பல் ஒன்று நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் துறைமேடையை நெருங்குவதாகக் கொள்வோம். ஆமை நடைதான்! ஆயினும் அதன் இயக்க ஆற்றல், 10 டன் லாரி ஒன்று மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் ஆற்றலுக்கு ஈடாகும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்மடங்காகும்.

இந்த மோதலைத் தாங்கும் பொருட்டு, கலத்துக்கும் மேடைக்கும் இடையே வைக்கும் மெத்தையைக் கப்பல்காரர்கள் ‘பெண்டர்’ என்பர். அது ரப்பராக இருக்கலாம், காற்றடைத்த உருளையாக இருக்கலாம், பழைய லாரி டயராகவும் இருக்கலாம். அதன் வேலை எதிர்த்து நிற்பதன்று, நசுங்கிக் கொடுப்பது. ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டிய கலம் முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் மெல்ல நின்றால், சராசரி விசை முப்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. நம் பனியன் துணியும் இப்படித்தான். கண்ணி கண்ணியாகப் பின்னியிருப்பதால் இழுத்தால் நெகிழ்கிறது. நெகிழ்வதால் கிழியாமல் பிழைக்கிறது.

பெருந்துறைமுகங்களில் இம்மெத்தைகள் மேடைச் சுவரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். சிறு படகுகளோ தமக்கு வேண்டியதைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும். மேடையை நெருங்கும் முன்னரே கட்டி முடிப்பது நன்று. படகின் அகன்ற நடுப்பகுதியில் ஒன்றும், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றுமாக மூன்றேனும் வேண்டும். கைப்பிடிக் கம்பியின் உச்சியில் கட்டினால், நெம்புகோல் போல் இழுபட்டுக் கம்பி வளைந்துவிடும். அதன் அடியிலே கட்டுவதே முறை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு அரைமுடிச்சுப் போட்டால் பிடிப்பும் உறுதி, அவிழ்ப்பதும் எளிது.

எளிதாக அவிழ வேண்டுவது ஏன்? சரக்கை இறக்க இறக்கப் படகு மேலெழும். ஓதத்தால் நீர்மட்டமும் மாறும். காலையில் மேடை விளிம்புக்கு நேராகத் தொங்கிய டயர், மாலையில் விளிம்புக்கு மேலே ஏறிப் பயனற்றுப் போகும். ஆதலால் கட்டியவன் அடிக்கடி பார்த்து, கயிற்றைத் தளர்த்தியோ இறுக்கியோ சரிசெய்ய வேண்டும்.

தூத்துக்குடியில் புதிய துறைமுகம் அமையும் முன்னர்ப் பெருங்கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நின்றன. தோணிகளே சரக்கைக் கொண்டுபோய்க் கப்பலருகே சேர்த்தன. அங்கே கப்பலும் அசையும், தோணியும் அசையும். இரண்டுக்கும் இடையில் உழைத்தவர்களின் விழிப்பை எண்ணிப் பாருங்கள். 1974-இல் அது பெருந்துறைமுகமாயிற்று. 2011 முதல் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. படகு சுவரை நெருங்கும்போது கையாலோ காலாலோ தள்ளி நிறுத்தலாம் என்று தோன்றும். ஒருபோதும் அவ்வாறு செய்யாதீர்கள். சில டன் எடையுள்ள படகின் முன்னே மனித எலும்பு சுள்ளிக்கு நிகர். நசுங்க வேண்டியது டயரே அன்றி உங்கள் விரல் அன்று. டயர் நசுங்கினால் மீண்டும் நிமிரும், விரல் நிமிராது.