இன்சொல்லும் நல்லாட்சியும்



அரசியல் மேடைகளில் வசைமொழி மலிந்துவிட்ட இக்காலத்தில், நாவடக்கம் வேண்டும் என்று பெரியோர் சொல்வது முற்றிலும் நியாயமே. ஆயினும், சொல்லின் பண்பை நிறுத்துப் பார்க்கும் நாம், அச்சொல்லைக் கொண்டு நிறைவேறும் காரியத்தின் பண்பையும் அதே தராசில் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் மசோதா, 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறிற்று. வாரத்திற்கு 48 மணி நேரம் என்னும் வரம்பு மாறாது, விருப்பமுள்ள தொழிலாளருக்கே இது பொருந்தும் என்று அமைச்சர்கள் கண்ணியமாகவே சமாதானம் கூறினார்கள்.

ஆனால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைகளில் உலைச்சூட்டில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி, 'நாளை முதல் வரவேண்டாம்' என்னும் ஒரு சொல்லால் ஜீவனத்தை இழக்கக்கூடியவன், மேற்பார்வையாளர் நீட்டும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட மறுக்க முடியுமா? மீஞ்சூரிலிருந்தோ பொன்னேரியிலிருந்தோ மின்சார ரயிலில் வேலைக்கு வரும் பெண்ணுக்கு, பன்னிரண்டு மணி நேர உழைப்பும் போக்குவரத்தும் போக, பிள்ளையின் முகம் பார்க்க எத்தனை நாழிகை மிஞ்சும்? எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் இக்கேள்விகளின் கடுமை குறைவதில்லை.

இடதுசாரிகளும் காங்கிரசும் விடுதலைச் சிறுத்தைகளும், ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளாயிருந்தும், அன்று வெளிநடப்புச் செய்தனர். தொழிற்சங்கங்கள் உரக்கவே கண்டித்தன. சபையின் அமைதி குலைந்ததே என்று வருந்தியோரும் இருக்கலாம். எனினும், அந்த உரத்த குரலே அரசின் செவியை எட்டியது. சங்கங்களோடு பேச்சு நடந்த ஏப்ரல் 24 அன்றே அம்மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி நூறாண்டு நிறைந்த அவ்வாண்டு மே முதல் நாளில், சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். எடுத்த முடிவை மக்களுக்காக மாற்றிக்கொண்ட அச்செயலில் விளங்கிய பண்பாடு, எந்த இனிய விளக்கவுரையினும் உயர்ந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே நேயர்களே, அரசின் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிலேனும் பழவேற்காட்டு மீனவரோ, ஆலைத் தொழிலாளியோ ஆத்திரப்பட்டுப் பேசினால், பேசும் முறை சரியில்லை என்று சொல்லி அவரை அமர்த்திவிடாதீர்கள். அவர் சொல்வது மெய்யா என்று முதலில் விசாரியுங்கள். மெய்யென்றால், அதற்கு விடை சொல்லும் பொறுப்பு அதிகாரத்தில் இருப்பவருடையது.