இனிப்புப் பெட்டி யாருக்கு?

(சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் பொதுக்குழுவில், தீபாவளிக்கு முன் பேசியது)



தீபாவளிக்கு யார் யாருக்கு இனிப்பு கொடுப்பது என்று பொருளாளர் ஒரு பட்டியல் வாசித்தார். எல்லாரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. அதனால்தான் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

மறுபடி கேளுங்கள். மின்வாரியப் பொறியாளருக்கு ஒரு கிலோ இனிப்பும் முந்திரி, பாதாம் பெட்டியும். குடிநீர் வாரியத்து அதிகாரிக்கும் அதே. காவல் நிலையத்துக்கு இரண்டு கிலோ. தபால்காரருக்கும் சிலிண்டர் தூக்கிவரும் தம்பிக்கும் அரைக் கிலோ. வாட்ச்மேனுக்குக் கால் கிலோ மிக்சர். குப்பை அள்ளுகிறவர்களுக்கு? “மீந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

ஐயா, இதை நன்றிப் பட்டியல் என்று சொல்லாதீர்கள். யார் முகம் சுளித்தால் நமக்குக் கஷ்டமோ அவருக்குப் பெரிய பெட்டி. யாரால் நம்மை ஒன்றும் செய்ய முடியாதோ அவருக்கு மிச்சம். பயத்தைத் தராசில் வைத்து நிறுத்திருக்கிறீர்கள். காரியம் ஆகவேண்டும் என்று அரசு ஊழியருக்குக் கொடுத்தால் கொடுத்தவரும் குற்றவாளி என்று 2018-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஒரு கிலோ மைசூர்பாவுக்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை, சரி. ஆனால் அந்த மைசூர்பா எதற்குப் போகிறது என்று நமக்குத் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

“குப்பைக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே செய்கிறார்கள்?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. மின்வாரியப் பொறியாளர் என்ன, சும்மாவா வேலை பார்க்கிறார்?

தீபாவளிக்கு மறுநாள் காலையை நினைத்துப் பாருங்கள். நாம் எண்ணெய்ப் பலகாரம் தின்ற மயக்கத்தில் படுத்திருப்போம். தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம். ஐப்பசி மாதம், அடைமழை. நனைந்த காகிதம் தார் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும். துடைப்பத்துக்கு வராது, கையால் உரிக்க வேண்டும். வெடிக்காத வெடி அதற்குள்ளேயே கிடக்கும். மருந்துத்தூள் கலந்த குப்பை என்பதால் மற்றதோடு சேர்க்கவும் கூடாது. தனி மூட்டையாகக் கட்டி, தனி லாரியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவைக் கையாளும் ஆலைக்கு அனுப்புகிறது மாநகராட்சி. ஊருக்கு விடுமுறை விட்டால் குப்பை அள்ளுகிறவர்களுக்கு வேலை இரட்டிப்பு. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோதும் இப்படித்தான். வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்களைக் கொண்டுவந்து இந்த ஊரின் சேற்றை அள்ள வைத்தார்கள்.

2025 ஆகஸ்டில் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் குப்பை அள்ளுகிறவர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்பதுதான் கோரிக்கை. 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. நம் சங்கத்திலிருந்து ஒரு கேன் தண்ணீர் போயிற்றா? நம் வாட்ஸ்அப் குழுவில் அந்த நாட்களில் நடந்த ஒரே விவாதம், மாடியில் யார் துணி காயப்போடுவது என்பது.

இந்த ‘மீந்தால்’ நமக்குப் புதிதல்ல. கிராமத்தில் என்ன செய்தோம்? ஊருக்கு ஊழியம் செய்தவர்களைப் பண்டிகைக்கு மறுநாள் பாத்திரத்தோடு வாசலில் நிற்க வைத்து, நாம் தின்று மீந்த பலகாரத்தைத் தூக்கிப் போட்டோம். அந்தத் திண்ணைப் பழக்கத்தை லிஃப்ட் வைத்த கட்டடத்துக்குள்ளும் கூட்டிவந்துவிட்டோம். சிக்கு வாடை அடிக்கும் முறுக்கும் நிறம் போன சேலையும் நன்றியாம்! கொடுத்தால் அதிகாரிக்கு வாங்கும் அதே கடையில், அதே எடையில் வாங்குங்கள். பண்டிகைக்கு முன்னால், பெயர் கேட்டு, கையில் கொடுங்கள். கூடவே ஒரு கவரில் பணமும் வையுங்கள். சர்க்கரை வியாதி நமக்கு மட்டும் வருகிற வியாதியா?

வாட்ச்மேன் விஷயத்துக்கு வருகிறேன். இதில் மிக்சர் பேச்சே வேண்டாம். 1965-இலேயே போனஸ் சட்டம் வந்தாயிற்று. குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நம் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் அந்தப் பெரியவருக்கு, அவரை அனுப்பும் ஏஜென்சி அதைக் கொடுத்ததா என்று இந்த அரங்கில் யாராவது கேட்டதுண்டா? எந்த ஏஜென்சி குறைவாகக் கேட்கிறது என்று மட்டும் தேடிப் பிடித்தோம். அந்தக் குறைவு யார் வயிற்றிலிருந்து வந்தது?

அதனால் என் திருத்தம் இது. அதிகாரிகளுக்கான பெட்டிகள் அத்தனையும் ரத்து. அந்தப் பணம் குப்பை அள்ளுகிறவர்களுக்கும், படிக்கட்டு கழுவும் அம்மாவுக்கும், தபால்காரருக்கும், சிலிண்டர் தம்பிக்கும் சமமாகப் போகட்டும். பட்டாசு கொளுத்துகிற வீடு எதுவோ அந்த வீடே தன் குப்பையைத் தனிச் சாக்கில் கட்டி வைக்கட்டும். போனஸ் கொடுத்த ரசீதைக் காட்டினால்தான் ஏஜென்சிக்கு அடுத்த மாதச் செக். அதற்கான கடிதம் என் பையில் தயாராக இருக்கிறது. பொருளாளர் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் குறியும் வைத்திருக்கிறேன். வழிமொழிகிறவர்கள் கை தூக்குங்கள்.