மணியும் கழுத்துப்பட்டையும்
(நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



முல்லைநிலத்து ஆயராகிய நம் முன்னோர் ஆனிரையின் கழுத்தில் மணி கட்டினர். ஓசை கேட்டுப் பசு நிற்குமிடம் அறிந்தனர். வடகடல் சூழ்ந்த நார்வே நாட்டாரும், கோடையிற் காட்டிலும் மலையிலும் மேயவிட்ட மாடுகட்கு மணியே கட்டினர். இன்று ஆண்டு அம்மணியின் தொழிலை ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை ஏற்று வருகின்றது.

அதன் இயல்பைச் சிறிது கூறுவேன். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் இடையறாது குறிப்பலைகளை விடுக்கின்றன. பட்டையானது நான்கு கோள்களின் அலைகளையேனும் பெற்று, அவை வந்துசேர்ந்த காலத்தைக் கணித்துத் தன் இடத்தை அறிகின்றது. அதனைக் கைப்பேசி வாயிலாக உடையவனுக்கு உணர்த்துகின்றது. நார்வேயில் தோன்றிய நோஃபென்ஸ் என்னும் பட்டையோ வேலியும் ஆகின்றது. உடையவன் கைப்பேசியிலுள்ள நிலப்படத்தில் எல்லை வரைந்துவிட்டால், மாடு அதனை அணுகும்போது ஒலி எழும். மேலும் செல்லின் ஒலி உயரும். அதனையும் மீறின் சிறு மின்னதிர்ச்சி உண்டாம். நாளடைவில் மாடு ஒலி கேட்ட அளவிலேயே திரும்பக் கற்றுக்கொள்ளும்.

ஆயினும், அன்பர்காள், யான் பெரிதும் வியப்பது இக்கருவியை அன்று. நார்வேச் சிவப்பு என்னும் கறவையினத்தை உருவாக்கியோர் அறிவையே. அவர்கள் 1935-இல் சங்கம் கண்டனர். பிறர் பலர் பாலின் அளவொன்றையே நோக்கியிருந்த காலத்தில், 1975 முதல் நாடெங்கும் பசுக்களின் நோய்க்குறிப்பை எழுதிவைத்தனர். மடிநோய் குறைந்து, எளிதிற் சினைபிடிக்கும் பெண்கன்றுகளைத் தரும் பொலிகாளைகளையே தேர்ந்தனர். இன்றும் அவ்வினத்தைப் பேணும் கூட்டுறவு நிறுவனம் மாடு வளர்ப்போர்க்கே உரியதாம்.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? பசு எங்கே நிற்கின்றது என்பதைப் பட்டை காட்டும். அதன் மடி கன்றியதா, ஈன்ற பின் எத்தனை நாளிற் பருவம் வந்தது என்பனவற்றைக் கண்டு எழுதவேண்டியவன் ஆயனே. குறிப்பு எவர் கையதோ, இனமும் அவர் கையதாம்.

நம் முன்னோர் மாட்டறிவிற் குறைந்தவரல்லர். அவ்வறிவு ஏட்டில் ஏறாமையின் அவரோடு மறைந்தது. இன்று நம் மாடுகள் பலவற்றின் செவியில் 12 இலக்க எண் விளங்குகின்றது; எண்மட்டும் இருந்து பயன் என்? வீடுதோறும் ஒரு குறிப்பேடு வேண்டும். சினையூட்டிய நாள், ஈன்ற நாள், கறந்த பால், உற்ற நோய் ஆகிய நான்கையும் பள்ளியிற் பயிலும் நம் சிறுவரும் சிறுமியரும் எழுதட்டும். ஏடு உள்ள வீட்டிற்குப் பட்டை வந்தால் துணையாகும். ஏடில்லா வீட்டிற்கு அது கழுத்தணியே ஆகும்.