மேஜர் பரமேஸ்வரனை எப்படி நினைப்பது?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"ஒரு வீரரைப் பத்திப் பேசுங்க, பசங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். ஆனால் நான் தேர்ந்தெடுத்த வீரரைப் பற்றித் தமிழ்நாட்டு மேடைகளில் அதிகம் பேசமாட்டார்கள். அவரிடம் குறை ஒன்றும் இல்லை. அவர் உயிர்விட்ட போர் நமக்குச் சங்கடமானது, அதுதான் காரணம். அந்தச் சங்கடத்தையும் சேர்த்தே இன்று பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நம் பக்கத்திலிருந்து வேலை தேடிப் போன குடும்பங்கள் அந்நாளில் மாட்டுங்கா, சயான் வட்டாரத்தில் நிறைய. அந்தப் பிள்ளைகளின் படிப்புக்காக 1932-இல் தொடங்கிய அமைப்புதான் சவுத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி. அதன் பள்ளியிலும், பிறகு அதன் கல்லூரியிலும் படித்து, 1968-இல் அறிவியல் பட்டம் வாங்கினார்.

மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே ராணுவத்துக்குப் போனவர் அல்லர் அவர். உங்களைப் போலவே வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, பட்டம் வாங்கி, அதற்கப்புறம் போனவர். 1971-இல் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். இன்றைக்கு ஓ.டி.ஏ. என்று சொல்கிறோமே, அதுதான். 1972 ஜூன் மாதம் அங்கிருந்து அதிகாரியாக வெளியே வந்தார்.

சேர்ந்தது மகார் ரெஜிமென்ட். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகார் மக்களை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார அரசு படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. சுபேதார் ஒருவரின் மகனான டாக்டர் அம்பேத்கர் இதற்காக விடாமல் வாதாடினார். 1941-இல் அந்தப் பெயரிலேயே ஒரு ரெஜிமென்ட் உருவானது. பின்னாளில் பல மாநிலத்தாரும் பல சாதியாரும் அதில் சேர்ந்தார்கள். அந்த ஜவான்களோடுதான் பரமேஸ்வரன் மிசோரம் மலைகளிலும் திரிபுராவிலும் பணியாற்றினார். அவர்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் 'பாரி சாகிப்'.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை இலங்கையில் இறங்கத் தொடங்கியது. அதில் 8-ஆவது மகார் படைப்பிரிவும் ஒன்று. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். சண்டை நிற்கும், நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆயுள் மூன்று மாதம்கூட இல்லை. அக்டோபர் 10-ஆம் தேதி வாக்கில் விடுதலைப் புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் போர் மூண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் இறக்கப்பட்ட சீக்கிய ஜவான்கள் 30 பேரில் 29 பேர் மடிந்தார்கள். அதே அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில் அன்றும் மறுநாளும் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதையும் சொல்லாமல் பரமேஸ்வரனை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், நான் உங்களுக்குப் பாதிக் கதைதான் சொன்னவனாவேன்.

அடுத்த மாதம், நவம்பர் 24. கந்தரோடை கிராமத்தில் ஒரு வீட்டில் ஆயுதங்கள் வந்து இறங்கியிருப்பதாகத் தகவல். முதலில் போன ஒரு சிறு ரோந்துப் படை மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று இரவே பரமேஸ்வரன் தம் கம்பெனி ஆட்களோடு புறப்பட்டார். தேடினார்கள்; ஆயுதம் அகப்படவில்லை. 25-ஆம் தேதி, திரும்பும் வழியில், பதுங்கியிருந்தவர்கள் சுட ஆரம்பித்தார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் மனிதனுக்கு இயல்பாக வருவது தரையோடு தரையாகப் படுத்துக்கொள்வதுதான். அவர் சிலரோடு சுற்றிக்கொண்டு போய், சுடுகிறவர்களுக்குப் பின்பக்கமாக வந்து பாய்ந்தார். கைகலப்பு நடந்தது. ஒருவர் அவர் மார்பில் சுட்டார். குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி, அவரையே சுட்டு வீழ்த்தினார். விழுந்த பின்னும் தம் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார், மூச்சு நிற்கும் வரை. எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன. பொறியிலிருந்து அவருடைய ஜவான்கள் மீண்டார்கள். அப்போது அவருக்கு வயது 41.

1988 குடியரசு நாளில் அவருக்குப் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. இதுவரை அந்த விருது பெற்றவர்கள் 21 பேர்தான். அதில் 14 பேருக்கு இறந்த பிறகே கிடைத்தது. அமைதி காக்கும் படையில் அதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

அவரைச் சுட்டவர்களும் தமிழர்கள். அந்த இயக்கத்தில் இருந்த பலர் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் வயதுக்காரர்கள். ஒரு தமிழ் அதிகாரியும் தமிழ் இளைஞர்களும் ஒரு தமிழ்க் கிராமத்தில் ஒருவரையொருவர் கொன்றார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாம் இதை எந்தக் கணக்கிலும் எழுதாமல் விட்டோம். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையினர் இலங்கையை விட்டுக் கிளம்பினார்கள். சென்னைக்குத் திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தில் தமிழர்கள் கொல்லப்பட்டதற்கான தம் எதிர்ப்பு அது என்றார். அந்த உணர்வு பலருக்கும் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தப் படை தன் பக்கம் 1,100-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தது. அவர்கள் வீட்டிலும் அம்மா அப்பா இருந்தார்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்றுகூட அந்த வீடுகள் பலவற்றில் தெரிந்திருக்காது.

"யாருக்காகச் செத்தார்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் தில்லியும் கொழும்பும். படையை அனுப்புவது யார், எதற்காக, எத்தனை நாளைக்கு என்பதை எந்த மேஜரும் முடிவு செய்வதில்லை. அவர் கையில் இருப்பது தன் கம்பெனியும், தன்னை நம்பி வந்த ஆட்களும். அந்த இரவில் அவர்களை அவர் கைவிடவில்லை. அதற்குத்தான் அந்த விருது. போர் சரி என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது. அதேபோல, போர் தப்பு என்று சொல்கிறவர்கள் அவருக்குரிய மரியாதையைக் குறைக்க வேண்டிய அவசியமும் கிடையாது. மருத்துவமனையில் மாண்டவர்களுக்காக அழுகிற மனசு, பரமேஸ்வரனுக்காகவும் அழலாம். இரண்டு துக்கத்துக்கும் ஒரு நெஞ்சில் இடம் உண்டு, ஐயா.

சென்னை சாலிகிராமத்தில் 'பரமேஸ்வரன் விகார்' என்று ராணுவத்தாருக்கான ஒரு குடியிருப்பு இருக்கிறது. எத்தனையோ பேர் தினம் அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறோம். யார் அந்தப் பரமேஸ்வரன் என்று கேட்பதில்லை. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களைச் சூட்டினார்கள். அதில் ஒரு தீவு இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர்ப் பலகை வைப்பது சுலபம். பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையை முழுசாகச் சொல்வதுதான் கஷ்டம்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நவம்பர் 25 அன்று நம் என்.சி.சி. மாணவர்களும் வரலாற்றுத் துறை மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் இதைப் பேசட்டும். ஒருவர் கந்தரோடையைச் சொல்லட்டும், இன்னொருவர் யாழ்ப்பாண மருத்துவமனையைச் சொல்லட்டும். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கட்டும். நாளைக்கு உங்களில் சிலர் சீருடை போடுவீர்கள். சிலர், படையை அனுப்பும் நாற்காலியிலேயே உட்காரக்கூடும். இரண்டு பேருக்குமே இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.