நான்காவது வரி

சிங்கப்பூரில் வரைகலை வடிவமைப்பாளர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே நான்கு மொழிச் சுவரொட்டி ஒன்று கைக்கு வந்துவிடும். சீனம் சிறிய இடத்தில் அடங்கிவிடும், தமிழ் அடங்காது. சொற்கள் நீளம், மேல்விலங்கும் கீழ்விலங்கும் உரசாமலிருக்க வரிகளுக்கிடையே கூடுதல் இடமும் வேண்டும். ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்துக்குள் தமிழைத் திணிப்பதற்காக எழுத்தின் அகலத்தை நசுக்குவது பலருக்கும் பழகிப்போன குறுக்குவழி.

பட்டம் பெறுவோருக்கு வாழ்த்தும், பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கமும் உரியன. எஞ்சிய நேரம் அந்தச் சுவரொட்டியின் நான்காவது வரியான தமிழுக்கு.

செம்பவாங் குடியிருப்பாளர்களுக்கு ஓர் அறிவிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயரின் முதல் எழுத்தே சோதனை. கணினி முதலில் 'ச'வையும் அடுத்துக் கொம்பையும் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னே நகர்த்துவது மென்பொருளின் பொறுப்பு. தமிழுக்கு அமைக்கப்படாத மென்பொருளில் கொம்பு பின்தங்கி, அடுத்திருக்கும் 'ம்' பக்கம் போய் நிற்கும். தமிழ் தெரியாத கண்ணுக்கு இரண்டு வடிவங்களும் ஒன்றே. 2017 தேசிய நாள் அணிவகுப்பின் விளம்பரத் தாளில் தமிழ் எழுத்துகள் குலைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர், 5 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5. இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று கேட்கும் வாடிக்கையாளர் உண்டு. வீட்டில் ஒலிப்பது குறையும்போது பொது இடத்தில் கண்ணில் படும் தமிழின் பொறுப்பு கூடுகிறது என்பதே அதற்கான விடை.

படைப்பூக்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. நா. கோவிந்தசாமி (1946–1999) வடிவமைப்புப் படித்தவர் அல்லர். சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர். கணினியில் தமிழ் இல்லாத குறையைப் பொறுக்க மாட்டாமல் 'கணியன்' என்ற பெயரில் எழுத்துருவும் விசைப்பலகையும் உருவாக்கினார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையமேறியபோது தமிழ்ப் பக்கத்துக்குப் பின்னால் அவரது உழைப்பு இருந்தது. 1997-இல் இதே நகரில் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு கூடியது. மலேசியாவின் முத்து நெடுமாறனும் வடிவமைப்பிலிருந்து அல்ல, பொறியியலிலிருந்து வந்தவரே. ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் ஆக்கம். கைப்பேசியில் தமிழ் எழுத வைத்த அவரது செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில்தான் வெளியீடு கண்டது. உந்துதல் என்பது மின்னலாக இறங்குவதில்லை, உறுத்தலாகத் தொடங்குகிறது.

ஒரு தலைமுறைக்கு முந்தைய மாணவர்கள் தமிழ்த் தலைப்பைக் கையால் வரைந்து, வெட்டி, பசை தடவி ஒட்டினார்கள். விரலில் பசை காய்ந்ததைப் பெருமையாகச் சொல்லித் திரிவது அந்தத் தலைமுறையின் பலவீனம். ஆனாலும், வரைந்த கைக்கு 'ழ'வின் வளைவு எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்பது தெரிந்திருந்தது. இன்றைய மாணவரும் வாரத்தில் சில மணி நேரம் காகிதத்தில் எழுத்து வரைவது நல்லது.

அன்றாட வேலையில் வரைவது கொஞ்சம். விலைப்புள்ளி, கூட்டம், இரவில் வரும் 'சின்னத் திருத்தம்' ஆகியவையே அதிகம். ஐந்தாம் திருத்தத்தில் வாடிக்கையாளர் முதல் வடிவத்துக்கே திரும்புவதும் உண்டு. எத்தனை திருத்தம் கட்டணத்துக்குள் அடங்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது தனித்தொழில் செய்வோருக்குக் கட்டாயம். தமிழ் மெய்ப்புக்கான செலவையும் அதே விலைப்புள்ளியில் சேர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய கோப்பைச் சரிபார்த்தால் போதாது. கொம்பு நகர்வது அதற்குப் பிறகு, பக்கம் கட்டும்போது. அச்சுக்குப் போகும் இறுதிப் பிரதியைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வேலை அச்சகத்துக்குப் போகலாம்.