ஓய்வுக்கு உகந்த ஊர்



அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரை அறுபதாவது வயது நெருங்கும்பொழுது, அவரைக் காண்போர் அனைவரும் ஒரே கேள்வியையே கேட்பர்: "இனி எங்கே இருக்க உத்தேசம்?" முப்பது ஆண்டுகளாகப் பாடசாலை மணியோசைக்கு எழுந்தும் அமர்ந்தும் பழகிய எனக்கு, இக்கேள்வி முதலில் வியப்பையே தந்தது. வாழ்ந்த ஊரில் வாழ்வதன்றி வேறென்ன உத்தேசம் இருத்தல் கூடும்?

ஆயினும் மட்டக்களப்பு நாட்டு வழமையை அறிந்தவர்களுக்கு அக்கேள்வியின் பொருள் விளங்கும். இங்கே வீடு பெண்வழிச் சொத்து. மகளுக்கு மணமாகும்பொழுது பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஒரு மூலையிலோ அயலிலோ சிறு வீடொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவர். தேற்றாத்தீவில் என் மனைவிக்கு அவருடைய தாயார் கொடுத்த வீடு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகளுடையதாயிற்று. ஓய்வு பெறும்பொழுது கிடைக்கும் பணிக்கொடையைக் கொண்டு எங்களுக்கென ஒரு கூரை அமைக்க வேண்டும். அதனை எங்கே அமைப்பது?

இவ்வேளையில்தான், விரிவுரையாளராயிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வந்தாறுமூலையிலிருந்து எழுதினார். பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் இருபது பேர்ச் காணி விலைக்கு வருகிறதாம். "நூலகம் உண்டு, சொற்பொழிவுகள் உண்டு, கூத்தும் நாடகமும் உண்டு, பேசுவதற்கு மனிதர் உண்டு. படித்தவன் முதுமையைக் கழிக்க இதனினும் நல்ல இடம் எது?" என்பது அவர் கேள்வி. கலாசாலையை நடுவாகக் கொண்ட ஊர் முதியவர்களுக்கு உகந்ததா என்பதை அன்றுதான் நான் சிந்திக்கத் தொடங்கினேன்.

வந்தாறுமூலை, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழைய கிராமம். அங்கிருந்த மத்திய மகா வித்தியாலயத்தின் வளாகத்தில் 1981 ஆகஸ்ட் முதலாம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 இல் அவ்வளாகம் அகதி முகாமாக இருந்ததையும், அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட பலர் திரும்பி வராததையும் எங்கள் தலைமுறை மறக்கவில்லை. அத்தனையையும் தாங்கிக்கொண்டு மீண்டும் மாணவர் குரல் கேட்கும் இடமாக அது விளங்குகின்றது. அத்தகைய ஓர் இடத்தின் நிழலில் வாழ ஒருவர் விரும்புவதில் வியப்பில்லை.

இவ்விருப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 1973 இல் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் ஓய்வு பெற்றோர்க்கென "மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்" ஒன்று தொடங்கப்பட்டது. அம்முயற்சி பின்னர் பல தேசங்களிலும் பரவிற்று. அமெரிக்காவிலோ, பல்கலைக்கழக வளாகங்களை அண்டியே முதியோர் குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஆனால் அங்கிருந்து வரும் செய்தி ஒன்று சிரிப்பையும் சிந்தனையையும் சேர்த்துத் தருகின்றது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 2020 ஆம் ஆண்டின் இறுதியில் இருபது மாடிகொண்ட குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. இளைஞரோடு வாழ விரும்பியே முதியோர் அங்கு சென்றனர். மறு ஆண்டே, எதிரிலிருந்த இசையரங்கின் இரைச்சல் பொறுக்க முடியவில்லையென்று வழக்கு நீதிமன்றம் ஏறிற்று! இளமையை நாடிச் செல்வது வேறு. அதனோடு இரவும் பகலும் அண்டை வீட்டாராக வாழ்வது வேறு.

காணியை எழுதுவதற்கு முன் அவ்வூரில் வாழ்ந்து பார்ப்பதே முறையென்று தீர்மானித்து, ஆண்டிறுதிப் பாடசாலை விடுமுறையில் நானும் என் மனைவியும் அங்கே ஒரு வீட்டின் பகுதியை வாடகைக்கு எடுத்து நான்கு வாரங்கள் தங்கினோம்.

முதலிரண்டு வாரங்களும் எனக்குத் திருவிழாவாயிருந்தன. காலை ஏழு மணிக்கே சைக்கிள்கள் சாரிசாரியாகச் செல்லும். சாப்பாட்டுக் கடைகளிலும் போட்டோப்பிரதிக் கடைகளிலும் நிற்க இடமிராது. ஒரு மாலை, நாட்டார் வழக்காறுகள் பற்றிய சொற்பொழிவொன்றைக் கேட்கச் சென்றேன். முடிவில் ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்வி என்னை இரவெல்லாம் சிந்திக்க வைத்தது. பல ஆண்டுகளாகப் பட்டினி கிடந்த மூளைக்கு அன்றுதான் ஒருபிடி சோறு கிடைத்தது போலிருந்தது. அந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பியபொழுது, என் மனைவி விறாந்தையில் தனியே அமர்ந்திருந்தார்.

"இன்றைக்கு எத்தனை பேரோடு பேசினீர்கள்?" என்று கேட்டார்.

"பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும்," என்றேன்.

"நான் இரண்டு பேரோடு பேசினேன். ஒருவர் மீன்காரர், மற்றவர் வீட்டுக்கார அம்மா. நீங்கள் நூலகத்துக்குப் போவீர்கள். நான் எங்கே போவது?"

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. ஓய்வு பெறுபவர் ஒருவராயினும் இடம் பெயர்பவர் இருவர் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

மூன்றாம் வாரம் பல்கலைக்கழகம் விடுமுறைக்காக மூடிற்று. இரண்டே நாளில் தெரு வெறிச்சோடியது. பாதிக் கடைகளின் கதவுகள் சாத்தப்பட்டன. நாள்தோறும் எனக்கு வணக்கம் சொன்ன இளைஞன் பெட்டியோடு பஸ் ஏறினான். அவன் மீண்டும் வருவான். ஆனால் சில ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவான். அவனுடைய இடத்தில் வேறொருவன் வருவான். அவனுக்கு என்னைத் தெரியாது. கலாசாலையூரில் மாணவருக்கு எப்பொழுதும் இருபது வயதே. மூப்பது அங்கே குடியிருக்கும் முதியவர் மட்டுமே.

தேற்றாத்தீவில் நிலைமை வேறு. அங்கே எனக்குக் கடிதம் கொண்டுவருபவர் என் மாணவர். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் என் மனைவிக்கு ஊசி ஏற்றிய தாதி என் மாணவி. இருள் கவிந்தபின் நெஞ்சுவலியென்று ஒரு குரல் கொடுத்தால், நான்கு வளவுகளிலிருந்து ஆட்கள் ஓடிவருவர். இதற்கு எந்த வங்கியும் வட்டி கணக்கிடுவதில்லை.

பணத்தின் கணக்கையும் பார்த்தேன். 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, நம் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதம் வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. ஓய்வூதியமோ விலைவாசியோடு ஓடி வருவதில்லை. மாணவர் அறை தேடும் ஊரில் காணி விலையும் வாடகையும் ஏறியே நிற்கும். அங்கு காணி வாங்குவதாயின் எங்கள் பணிக்கொடை காணியோடு கரைந்துவிடும். வீடு கட்டக் கடன் எடுக்க வேண்டும். அறுபதில் கடன் எடுப்பது, மாரிகாலத்தில் ஓலை வேயத் தொடங்குவது போன்றது.

இவ்வளவும் கேட்டபின், கிராமமே சொர்க்கமென்று நான் சொல்ல வருகிறேன் என எண்ணவேண்டாம். கிராமத்திலும் முதியவருக்கு ஆபத்துண்டு. ஓய்வு பெற்ற அதிபரை ஊர் விட்டுவைப்பதில்லை. கோயிற் சபையின் தலைமை, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் பதவி, எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் வேலை ஆகிய யாவும் அவர் தலையிலே விழும். புத்தகத்தைப் பற்றிப் பேச ஒருவரும் கிடையார். ஐந்தாண்டில் அறிவு துருப்பிடித்துப் போகும். நண்பர் என்னை அழைத்தது இதனை அறிந்தே; அவர் அழைப்பில் அன்பும் உண்மையும் இருந்தன.

கலாசாலைச் சூழலில் முதுமையைச் சிறக்கக் கழிப்போரும் இருக்கின்றனர். பேராசிரியர் சி. மௌனகுரு, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றபின், மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடம் ஒன்றை நிறுவி இளைஞர்க்குப் பயிற்சியளித்து வருவதை நேயர்கள் அறிவர். அவருக்கு அங்கே வேலை இருக்கிறது. அவரை நாடி இளைஞர் வருகின்றனர். வேலையோடு இருப்பவருக்கு அது ஊர். வேடிக்கை பார்க்கச் செல்பவருக்கு அது சத்திரம்.

ஆகவே, இவ்வாறு சிந்திப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று உள. அங்கே எனக்கு மட்டுமன்றி என் துணைக்கும் பேச்சுத்துணையும் செய்தொழிலும் உண்டா? கலாசாலை மூடிக்கிடக்கும் வாரங்களிலும் அவ்வூர் எனக்கு ஊராயிருக்குமா? எண்பது வயதில், கண்ணும் காலும் தளர்ந்தபின், வைத்தியசாலைக்கு என்னை அழைத்துச் செல்பவர் யார்? இம்மூன்றுக்கும் தயங்காது விடை சொல்லக்கூடியவர் தாராளமாகச் செல்லலாம். காணியை மட்டும் மாரிகாலத்தில் ஒருமுறை சென்று பார்த்து வாங்கட்டும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட எவருக்கும் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எங்களால் அவ்வாறு விடை சொல்ல இயலவில்லை. மகளின் வளவின் வடக்கு மூலையில் இரண்டு அறைகொண்ட வீட்டுக்கு அத்திவாரம் இட்டிருக்கிறோம். முன்னறையில் என் புத்தகங்களை அடுக்கி, மாலை வேளைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவைப்பதாக எண்ணம். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட "மட்டக்களப்புத் தமிழகம்" அங்கே முதல் தட்டில் இருக்கும். அந்நூலுக்குப் பொருள் தந்தவை நம் கிராமங்களின் பாட்டும் வழக்கமுமே. எங்கள் ஊர் மூதாட்டிகளின் வாயில் எஞ்சியிருக்கும் பாடல்களை எழுதி எடுக்கும் வேலை எனக்குக் காத்திருக்கிறது. மாதம் இருமுறை பஸ் ஏறி வந்தாறுமூலைக்குச் சொற்பொழிவு கேட்கச் செல்வேன். எழுதி எடுத்தவற்றை அங்குள்ள மாணவரிடம் காட்டுவேன். அப்பொழுது நான் வெறுங்கையோடு செல்பவனல்லேன்.

வந்தாறுமூலை என்ற பெயரை "வந்து ஆறிய மூலை" என்று பிரித்துப் பொருள் சொல்வதுண்டு. எங்கள் ஊரோ தேற்றா மரத்தின் பெயரைத் தாங்கியது. கலங்கிய நீர் தெளிய வேண்டுமாயின், குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுச் சிறிதுநேரம் அசையாது வைக்க வேண்டும் என்பர். எங்கள் உள்ளம் தெளிவதற்கு நான்கு வாரங்கள் சென்றன. நண்பருக்கு எழுதிய பதிலில், "காணி வேண்டாம், சொற்பொழிவு நடக்கும் திகதிகளை மட்டும் தவறாது அறிவியுங்கள்" என்று கேட்டிருக்கிறேன். அவரும் அறிவித்துவருகிறார்.